வானிலை எச்சரிக்கையும் சங்கத்தின் கடமையும்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர், செவ்வாப்பேட்டை)

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் பக்கத்துச் சங்கங்களில் இரண்டு கேள்விகள் எழுவது வழக்கம். "இவ்வாண்டு மழை எப்படி?" என்பது ஒன்று. "வானிலை நிலையத்தார் சொன்னது பலித்ததா?" என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு உறுதியாக விடை கூற வல்லார் எவருமிலர். இரண்டாவது கேள்விக்கோ எல்லோருமே விடை கூற முன்வருகின்றனர். அவ்விடை பெரும்பாலும் ஏளனமாகவே அமைகிறது. அந்த ஏளனத்திற்கு ஒரு விலை உண்டு. அவ்விலையை யார் கொடுக்கின்றனர் என்பதை அங்கத்தினர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதில் என்னுடைய தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

2020-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நிவர் புயல் வந்ததை யாவரும் அறிவர். அப்பொழுது நம் மாவட்டத்துக் கடன் சங்கம் ஒன்றின் செயலாளர், எச்சரிக்கையைக் கேட்ட அன்றே, கிடங்கிலிருந்த உர மூட்டைகளை லாரியில் ஏற்றி, மேட்டிலிருந்த ஒரு மண்டபத்திற்கு அனுப்பினார். 25-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் புதுச்சேரிக்கு அருகே புயல் கரையேறிற்று. நம் ஊர்ப்பக்கம் மழை பெய்தது. ஆனால் அந்தக் கிடங்கில் ஒரு சொட்டு நீரும் புகவில்லை. மூட்டைகள் மீண்டும் லாரியேறி வந்து சேர்ந்தன. போக்குவரத்துக் கூலியாக ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரூபாய் செலவாயிற்று.

அடுத்த ஆண்டு ஆய்வுக்குச் சென்ற நான், அந்தச் செலவுச் சீட்டைக் கண்டு, "அவசியமற்ற செலவு" என்று குறிப்பு எழுதினேன். பணியில் சேர்ந்த புதிது. சங்கத்தின் காசைக் காக்கிறோம் என்ற பெருமிதம். அத்தொகையைச் செயலாளர் தம் கைப்பணத்திலிருந்து தவணை தவணையாகக் கட்டினார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எச்சரிக்கை அவர் காதிலும் விழுந்தது; நிர்வாகக் குழுவினர் காதிலும் விழுந்தது. லாரி பிடிக்க ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான்காம் தேதி காலை கிடங்கில் முழங்காலளவு நீர். யூரியா கரைந்து போயிற்று. நவரைப் பட்டத்திற்கென வைத்திருந்த விதைநெல் மூட்டைக்குள்ளேயே முளைத்துவிட்டது. நஷ்டம் இரண்டு இலட்சத்தை எட்டியது. கணக்கெடுக்கச் சென்ற என்னை அச்செயலாளர் கடிந்துகொள்ளவில்லை. பழைய கோப்பைத் திறந்து என் முன் வைத்து, "ஐயா, அன்று தாங்கள் எழுதியது இது" என்று மட்டும் சொன்னார். அச்சொல்லுக்கு இன்றுவரை என்னிடம் மறுமொழி இல்லை.

நிற்க. எச்சரிக்கை வந்தும் மழை வாராமற் போவது ஏன்? இதனைச் சிறிது விளங்கிக்கொண்டால் நம் ஏளனம் தானே குறையும்.

நம் கடலில் புயல் பிறப்பதற்கு முதல் வேண்டுவது வெப்பம். கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ இருபத்தாறரை டிகிரிக்கு மேல் சூடேறி இருக்கும்போது நீர் மிகுதியாக ஆவியாகி மேலெழுகிறது. அவ்வாவி உயரத்தில் குளிர்ந்து மேகமாகும்போது, தான் உட்கொண்ட வெப்பத்தை வெளியிடுகிறது. அதனால் காற்று மேலும் மேலெழ, கீழே அழுத்தம் குறைகிறது. குறைந்த இடத்தை நோக்கிச் சுற்றுப்புறக் காற்று விரைகிறது. பூமியின் சுழற்சியால் அக்காற்று நேராகச் செல்லாமல் வளைந்து, நம் அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகச் சுழலத் தொடங்குகிறது. காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரை எட்டினால் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 51-ஐ எட்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 63-ஐ எட்டினால் புயல். பெயர் சூட்டப்படுவது இக்கட்டத்தில்தான். 89-ஐ எட்டினால் தீவிரப் புயல் என்பர்.

இச்சுழலைக் கண்காணிக்க நம்மிடம் கருவிகள் பல உள. வானத்தில் இன்சாட் துணைக்கோள்கள் இருக்கின்றன. சென்னைத் துறைமுகத்திலும், நம் கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலும் ராடார்கள் நிறுவப்பட்டுள்ளன. கடலில் மிதவைகள் மிதக்கின்றன. மீனம்பாக்கத்திலிருந்து கருவி கட்டிய பலூன்கள் மேலே அனுப்பப்படுகின்றன. இவை தரும் அளவுகளையெல்லாம் பெருங்கணினிகள் கூட்டிக் கணக்கிடுகின்றன. ஆயினும் கடல் பரந்தது. அதன் மேலுள்ள காற்றை ஒவ்வொரு முழத்திலும் அளக்க இயலாது. தொடக்க அளவில் இருக்கும் சிறு பிசகு, நாள் செல்லச் செல்லப் பெரும் பிசகாக வளர்கிறது. பாவில் ஓரிழை தவறினால் பத்துக் கஜம் தள்ளி அது எங்கே சென்று நிற்கும் என்பதை நெசவாளருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

புயல் செல்லும் வழியைக் கணிப்பதில் கடந்த இருபது ஆண்டுகளில் பிழை பெரிதும் குறைந்திருக்கிறது. எனினும் ஒரு நாள் முன்பாகச் சொல்லும் கணிப்பிலும் பல பத்துக் கிலோமீட்டர் விலகல் இன்றும் இயல்பே. செவ்வாப்பேட்டையிலிருந்து கடற்கரை ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவுதான். கடலின் பரப்பில் சிறு விலகலாகத் தோன்றுவது, நம் வயலில் வெள்ளத்திற்கும் வெயிலுக்கும் உள்ள வேறுபாடாக முடிகிறது.

இதற்கு இரண்டு சான்றுகள் கூறலாம். மிக்ஜாம் புயல் கரை கடந்தது ஆந்திரத்துப் பாபட்லா அருகே, 2023 டிசம்பர் 5-ஆம் தேதியில். அவ்விடம் நமக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ளது. ஆயினும் அதற்கு முந்தைய இரண்டு நாட்களில், நம் கரையோரமாக மெல்ல ஊர்ந்து சென்றதனால், சென்னையையும் நம் மாவட்டத்தையும் அது வெள்ளத்தில் ஆழ்த்திற்று. "புயல் நமக்கில்லை, ஆந்திராவுக்குத்தான்" என்று சொல்லி உறங்கியவர்கள் ஏமாந்தனர்.

இரண்டாவது சான்று 2024 அக்டோபரில் நிகழ்ந்தது. 16-ஆம் தேதிக்குச் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. மக்கள் மோட்டார் வண்டிகளை மேம்பாலங்களின் மேல் கொண்டு போய் நிறுத்தினர். அன்று பகலில் எதிர்பார்த்த மழை சென்னையில் பெய்யவில்லை. தாழ்வு மண்டலம் மறுநாள் விடியற்காலையில் சென்னைக்கு வடக்கே கரை கடந்தது. ஊரெங்கும் நகைப்பு. ஆனால் அந்த 16-ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் நம் மாவட்டத்துச் சோழவரத்தில் ஏறத்தாழ 30 செண்டிமீட்டர் மழை பதிவாகியிருந்தது. சென்னையில் நகைத்தவர்களோடு சேர்ந்து நாமும் நகைத்தோம். நம் மாவட்டத்து மழைமானியைப் பார்க்கவில்லை.

முப்பது செண்டிமீட்டர் என்பது எவ்வளவு? ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஓர் ஏக்கர் என்பது நாலாயிரம் சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஆகவே முப்பது செண்டிமீட்டர் மழையில் ஓர் ஏக்கரில் விழும் நீர் பன்னிரண்டு இலட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் நூற்றிருபது. இவ்வளவு நீர் ஒரே நாளில் வயலில் இறங்குமானால், வடிகால் வெட்டி வைத்தவன் பிழைப்பான். வெட்டாதவன் சாய்ந்த கதிரைப் பார்த்து நிற்பான்.

"முன்னோர் எறும்பையும் தவளையையும் பார்த்தே மழையை அறிந்தனரே" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு திட்டை ஏறுவது மெய்யான அடையாளமே. அதை நான் இகழமாட்டேன். ஆனால் எறும்பு அறிவது சில நாழிகைக்கு முன்பு. லாரி பிடிக்கவும், அறுவடை இயந்திரம் வரவழைக்கவும் அந்நேரம் போதாது. நமக்கு வேண்டுவது இரண்டு நாள், மூன்று நாள் அவகாசம். அதை வழங்கக்கூடியது இவ்விஞ்ஞானம் ஒன்றே.

அவகாசம் கிடைத்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. இதற்கு ஒடிசாவைப் பார்க்க வேண்டும். 1999 அக்டோபர் 29-இல் அங்கு வீசிய பெரும்புயலில் ஏறத்தாழப் பதினாயிரம் பேர் மாண்டனர். 2013 அக்டோபர் 12-இல் அதே மாநிலத்தின் கோபால்பூர் அருகே பைலின் புயல் தாக்கியது. அதுவும் கொடிய புயலே. மாண்டவர் தொகை ஐம்பதுக்கும் குறைவு. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் முன்னறிவிப்பு செம்மையடைந்தது என்பது உண்மை. ஆனால் அதற்கு நிகராக வேறொன்றும் நடந்தது. கடற்கரைக் கிராமங்களில் புகலிடக் கட்டடங்கள் எழும்பின. அவற்றைப் பேணக் கிராமத்தார் குழுக்கள் அமைந்தன. சாவி யாரிடம், முதியோரை அழைத்து வருபவர் யார், உலை வைப்பவர் யார் என்பதெல்லாம் புயல் வருமுன்னரே முடிவாகியிருந்தது. எச்சரிக்கை வந்தபோது அவர்கள் கூடி விவாதிக்கவில்லை, செயலில் இறங்கினர். இலட்சக்கணக்கானோர் இடம் பெயர்ந்தனர். விஞ்ஞானம் பாதி வழி வந்தது. மீதி வழியை ஊர்க் கட்டுப்பாடு நடந்து முடித்தது.

அந்த மீதி வழியை நம் ஊர்களில் நடக்க வேண்டியது யார்? அரசாங்கம் உண்டு, பேரிடர்ப் படை உண்டு, உயிரைக் காப்பது அவர்கள் பணி. ஆனால் சங்கத்து நூல் சிப்பத்தையும் உர மூட்டையையும் விதைநெல்லையும் காப்பது எவர் பணி? அது நம்முடையது. நம்மிடம் ஊர்தோறும் ஒரு கட்டடம் இருக்கிறது. ஒரு செயலாளர் இருக்கிறார். அங்கத்தினர் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. கூடிப் பேசித் தீர்மானிக்கும் பழக்கம் இருக்கிறது. இல்லாதது ஒன்றே: எச்சரிக்கை வந்தால் இன்னது செய்வது என்ற முன் தீர்மானம்.

கணக்காகவே இதைப் பார்ப்போம். உதாரணமாக, கிடங்கில் இரண்டு இலட்சம் ரூபாய்ச் சரக்கு இருக்கிறதென்றும், அதனை மேட்டுக்கு மாற்றப் பதினாயிரம் ரூபாய் செலவாகுமென்றும் கொள்வோம். இருபது முறை மாற்றி, பத்தொன்பது முறை வெள்ளம் வராமற் போய், ஒரே ஒரு முறை வந்தாலும் வரவும் செலவும் சரிக்குச் சரி. நான்கு முறைக்கு ஒரு முறை வெள்ளம் வருமானால், நாற்பதாயிரம் செலவழித்து இரண்டு இலட்சத்தைக் காத்தவர்களாவோம். மழை வராத நாளில் செய்த செலவு வீண் செலவன்று; அது காப்பீட்டுத் தவணை. சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீட்டுத் தவணை கட்டிய விவசாயி, புயல் வரவில்லையே என்று அழுவதுண்டோ? பணம் போயிற்றே என்று செயலாளர்மேல் வழக்காடுவதுண்டோ?

இதே கணக்கு மறுபக்கமும் பேசும். சிறு எச்சரிக்கைக்கெல்லாம் கிடங்கைக் காலி செய்வதும் அறிவுடைமையாகாது. ஆதலால்தான் வானிலை நிலையத்தார் நிறம் பிரித்துச் சொல்கின்றனர். ஒரு நாளில் ஆறரைச் செண்டிமீட்டருக்கு மேல் பெய்வது கனமழை. பதினொன்றரைக்கு மேல் மிக கனமழை. இருபதைத் தாண்டினால் அதி கனமழை. பொதுவாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற மூன்றும் இம்மூன்றுக்கும் பொருந்தும். நம் செயலும் அவ்வாறே படிப்படியாக அமையட்டும்.

என் அபிப்பிராயத்தில் ஒவ்வொரு சங்கமும் மழைக்காலம் தொடங்குமுன் பொதுப் பேரவையைக் கூட்டி, ஒரு பக்கத்திற்கு மிகாத தீர்மானம் ஒன்றை நிறைவேற்ற வேண்டும். மஞ்சள் எச்சரிக்கை வந்தால் சங்கப் பலகையில் எழுதுதல். வயலில் மேலுரம் இடுவதையும் மருந்தடிப்பதையும் நிறுத்தி, வடிகால்களைத் திறந்துவிடுமாறு சொல்லுதல். நெசவாளர் வெளியில் பாவு விரித்துக் கஞ்சியிடாமலும், சாயம் தோய்க்காமலும் இருத்தல். ஈரக் காற்றில் உலராத கஞ்சிப் பாவு பூசணம் பிடிப்பதை அவர்கள் நன்கறிவர்.

ஆரஞ்சு வந்தால் கிடங்கின் கீழடுக்கு மூட்டைகளையும் நூல் சிப்பங்களையும் பலகை மேல் ஏற்றுதல். விளைந்த நெல்லை, இயந்திரத்தைப் பங்கிட்டு அமர்த்தி, அறுத்தெடுத்தல். குழித்தறி வைத்திருப்போர் தறியிலுள்ள துணியையும் பாவையும் காத்துக்கொள்ளுதல். வீட்டுக்குள் வெள்ளம் நுழையாவிட்டாலும், நிலம் ஊறிக் குழியில் நீர் சுரப்பதுண்டன்றோ? சிவப்பு வந்தால் முன்கூட்டிப் பேசி வைத்த லாரியில் சரக்கை மேட்டுக்கு அனுப்புதல், கணக்குப் புத்தகங்களையும் கடன் பத்திரங்களையும் பாதுகாத்தல், மின்சாரத்தைத் துண்டித்தல். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். "எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள்" என்பது ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்பதற்கு மறுபெயர்.

மழை ஒன்றை மட்டும் பார்ப்பதும் போதாது. ஆரணியாற்றங்கரையில் உள்ளவர்கள் பிச்சாட்டூர் அணையையும், கொசஸ்தலையாற்றங்கரையில் உள்ளவர்கள் பூண்டி நீர்த்தேக்கத்தையும் கவனிக்க வேண்டும். நம் ஊரில் தூறலே இல்லாத நாளிலும் மேலே பெய்த மழை ஆற்றில் வந்து நிற்கும். நீர் திறப்பு அறிவிப்பும் அதே பலகையில் ஏறட்டும். முதியவர்களிடம் நவீனக் கைப்பேசி இல்லையென்றால், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் மகனிடமும் மகளிடமும் இருக்கிறது. அவர்களிடம் இப்பொறுப்பை ஒப்படைத்தால் சங்கத்தோடு அவர்களுக்கும் ஓர் உறவு பிறக்கும்.

இன்னொன்று: ஒவ்வொரு சங்கமும் ஒரு மழைமானி வாங்க வேண்டும். அதன் விலை பெரிதன்று. நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அளந்து பேரேட்டில் எழுதுவது ஐந்து நிமிட வேலை. ஐந்தாண்டு எழுதினால், எத்தனை செண்டிமீட்டர் பெய்தால் நம் கிடங்கு வாசலில் நீர் நிற்கும், எந்தக் கலங்கல் வழிந்தால் எந்தத் தெரு மூழ்கும் என்பது நமக்குத் தெரிந்துவிடும். மாவட்டத்திற்கென வரும் எச்சரிக்கையை நம் ஊருக்குரியதாக மாற்றித் தருவது அந்தப் பேரேடே. நுங்கம்பாக்கத்து நிலையத்தார் எவ்வளவு கற்றவராயினும், நம் தெருவின் மேடு பள்ளத்தை அவர்களால் அறிய இயலாது.

இதற்கு இரண்டு ஆட்சேபணைகள் எழக்கூடும். "எச்சரிக்கை என்ற பெயரால் லாரி வாடகைச் சீட்டுக்கள் பெருகாவோ?" என்பது ஒன்று. என் போன்ற ஆய்வாளர்க்கு முதலில் தோன்றுவதும் இதுவே. பேரவை ஓர் உச்சத் தொகையை வரையறுக்கட்டும். அன்றைய எச்சரிக்கை அறிக்கையின் நகல் செலவுச் சீட்டுடன் இணைக்கப்படட்டும். நிர்வாகக் குழுவினர் இருவர் கையொப்பமிடட்டும். இம்மூன்றும் இருந்தால் முறைகேட்டிற்கு வழி குறையும். நேர்மையான செயலாளருக்கு அச்சமும் தீரும்.

"புலி வருகிறது, புலி வருகிறது என்று பலமுறை கேட்டால் காது மரத்துப் போகாதா?" என்பது இரண்டாவது. அக்கதையிலுள்ள சிறுவன் பொய் சொன்னான். வானிலை நிலையத்தார் பொய் சொல்லவில்லை. புலியின் காலடி தெரிகிறது, வரக்கூடும் என்கின்றனர். வராத நாட்களில் நாம் ஏளனம் செய்தால், அடுத்த முறை சொல்லத் தயங்குவர். எச்சரிக்கை வந்து புயல் வராமற் போவதால் நேர்வது பணச்செலவு. எச்சரிக்கை வராமல் புயல் வந்தால் என்ன ஆகும் என்பதை நம் தாத்தாமார் காலத்து ஊர்களில் கேட்டால் சொல்வார்கள்.

எங்கள் துறையினருக்கும் ஒரு விண்ணப்பம். விளைவைப் பார்த்துச் செலவை எடை போடுவது நம் வழக்கம். அது பிழை. முடிவெடுத்த நாளில் அவர் கையில் இருந்த செய்தி என்ன, அச்செய்தியின்படி அவர் செய்தது தகுமா என்றே பார்க்க வேண்டும். எச்சரிக்கையை நம்பிச் செலவழித்தவரிடம் பணத்தை வசூலித்து, எச்சரிக்கையைப் புறக்கணித்து இழந்தவரிடம் "இயற்கைச் சீற்றம்" என்று எழுதிக் கோப்பை மூடுவோமானால், நாம் எதைக் கற்பிக்கிறோம்? கையைக் கட்டிக்கொண்டிருப்பதே பத்திரம் என்றல்லவா? அந்தப் பாடத்தை ஒரு செயலாளருக்கு நான் கற்பித்தேன். அதற்கான கட்டணத்தை முந்நூறு அங்கத்தினர் கட்டினர்.

இறுதியாக ஒன்று. 1864-இல் கல்கத்தாவைப் பெரும்புயல் அழித்தது; 1866-இலும் 1871-இலும் பருவமழை பொய்த்தது. அத்துன்பங்களின் பயனாக 1875-இல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. மழை பொய்த்த ஊர்களில் வட்டிக்கடையின் வாயிலில் நின்ற உழவர்களின் துயரத்திற்கு மருந்தாகக் கூட்டுறவு வந்தது. 1904-இல் சட்டம் பிறந்த அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டின் முதற் சங்கம், நம் செவ்வாப்பேட்டைக்கு அடுத்த திரூரில் தொடங்கிற்று. அதே திரூரில் இன்று நெல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. ஆக வானிலை விஞ்ஞானமும் கூட்டுறவும் ஒரே துன்பத்திலிருந்து பிறந்தவை. ஒன்று, வரும் கேட்டை முன்னரே சொல்வது. மற்றொன்று, வந்த கேட்டைப் பலர் தோளில் பகிர்ந்து தாங்குவது. இவ்விரண்டும் இதுவரை தனித்தனி வழியில் நடந்து வந்திருக்கின்றன. அவை சந்திக்க வேண்டிய இடம் நம் சங்க வாசலிலுள்ள அந்தக் கரும்பலகையே.

அடுத்த பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வடகிழக்குப் பருவமழை நம் தீர்மானத்திற்காகக் காத்திராது.